காய்ச்சலும் இரண்டு பக்கத் தாளும்

கடைசி மாத்திரையை விழுங்கி ஐந்து வாரம் ஆகிறது. இந்த ஐந்து வாரத்தில் ஒரு நாளும் காய்ச்சல் வரவில்லை. ஆனாலும் சாயங்காலம் நாலரை மணி ஆனதும் கை தானாக நெற்றிக்குப் போகிறது. தெர்மாமீட்டரை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். நாற்காலி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். ஏறுவதற்குள் வேண்டாம் என்று தோன்றிவிடுகிறது, பெரும்பாலும்.

இதை எழுத இரண்டு காரணங்கள். நாள்பட்ட காய்ச்சலோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைபவர்களுக்கு, டாக்டர்கள் ஒரு பதிலை எங்கெங்கே தேடுகிறார்கள் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் உதவும். இரண்டாவது, நான் ஒரு தவறு செய்தேன். அதை மிக ஒழுங்காக, தட்டச்சு செய்து, நான்கு நகல் எடுத்துச் செய்தேன்.

எனக்கு இருபத்தேழு வயது. இயந்திரவியல் படித்துவிட்டு, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளின் கம்ப்ரசர்களைச் சரிசெய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து வண்டிகள் நாடு முழுக்க ஓடுகின்றன. ஒடிசாவில் ஒரு வண்டி நின்றுபோனால் அங்கிருந்து எனக்குத்தான் போன் வரும். "ஏர் வரலீங்க மேடம், வால்வு போயிருச்சுங்க" என்பார்கள். வால்வு போனதா என்பதை அப்புறம் பார்ப்போம், முதலில் என்ன சத்தம் கேட்டது, அதற்கு முந்தின நாள் எதைக் கழற்றி மாட்டினீர்கள் என்று நான் கேட்பேன். அதற்காக இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வைத்திருக்கிறேன். எது முக்கியம் என்று நீங்கள் முடிவு பண்ணாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள் என்பது நான் நாள்தோறும் சொல்லும் வாக்கியம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

காய்ச்சல் வைகாசிக் கடைசியில் தொடங்கியது. காலையில் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் ஏறும். பிறகு வேர்த்துக்கொட்டி இறங்கும். நாலைந்து நாள் விட்டுப்போகும், திரும்ப வரும். என் படுக்கை விரிப்பை மாற்றும்போதெல்லாம் அம்மா முகர்ந்து பார்த்து, "நனைஞ்ச வைக்கப்புல்லு மாதிரி வாடை அடிக்குது கண்ணு, இது என்ன காச்சலோ" என்பாள். எங்கள் ஊரான நாமகிரிப்பேட்டையில் டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். ராசிபுரத்தில் டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்றார்கள். ஆறாவது வாரம் இடுப்பு வலி சேர்ந்துகொண்டது. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிய முடியவில்லை. உடம்பு இளைத்து, வளையல் முழங்கை வரை போய்வந்தது. எட்டாவது வாரம் சேலத்தில், மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

சேருவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து அந்தத் தாளைத் தயாரித்தேன். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் மூன்று வேளைக் காய்ச்சல் அட்டவணை, எடுத்த சோதனைகள், விழுங்கிய மருந்துகள். இரண்டாம் பக்கத்தில் மற்ற விவரங்கள். வெளியூர்ப் பயணம்: இல்லை. செல்லப்பிராணி: இல்லை. கால்நடை: இல்லை. குடிநீர்: காய்ச்சி வடித்தது. இப்படிப் பதினான்கு வரிகள்.

வார்டில் அந்தத் தாளுக்கு நல்ல பெயர். யூனிட்டின் தலைமை மருத்துவரை எல்லோரும் சீஃப் என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஐம்பது வயது இருக்கும், மெல்லிய குரல். முதல் நாள் தாளை இரண்டு பக்கமும் படித்துவிட்டு, சுற்றி நின்ற மாணவர்களிடம், "பாத்துக்கங்க, கேஸ் ஷீட்டுன்னா இப்படி இருக்கணும்" என்றார். காய்ச்சல் நூற்றிரண்டு இருந்தும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன்பின் யார் வந்தாலும் தாளைக் கேட்டார்கள். பயிற்சி மருத்துவர் வந்தார், பார்த்து எழுதிக்கொண்டு போனார். எலும்பு மருத்துவர் வந்தார், அப்படியே. பக்கத்துக் கட்டிலில் சங்ககிரியைச் சேர்ந்த மல்லிகாக்கா இருந்தார். வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர், இவருக்குச் சர்க்கரையும் காலில் ஆறாத புண்ணும். மூன்றாம் நாள் அவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"ஏங்கண்ணு, வர்ற டாக்டரெல்லாம் உன்ற பேப்பரத்தான் பாக்கறாங்க, உன்னைய ஆருமே பாக்க மாட்டேங்கறாங்களே. பேசாம அந்தப் பேப்பரயே கட்டில்ல படுக்க வெச்சுட்டு நீ ஊட்டுக்குப் போயிரு."

சிரித்தேன். சிரித்தால் இடுப்பு வலித்தது.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்கவைத்து, காந்தத்தால் உடம்பின் உள்ளே படம் பிடிக்கும் சோதனை. அரை மணி நேரம் அசையக் கூடாது. இடுப்பு முதுகெலும்பில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளின் ஓரம் அரித்திருந்தது, நடுவிலிருந்த மெத்தை போன்ற வட்டு புண்ணாகியிருந்தது. ஊசி விட்டுத் துளி சதை எடுத்தார்கள். அதில் டிபி கிருமி கிடைக்கவில்லை. வேறு எதுவும் கிடைக்கவும் இல்லை.

வியாழக்கிழமை சீஃப் அப்பாவையும் என்னையும் வைத்துக்கொண்டு பேசினார். "நம்ம ஊர்ல இந்த வயசுல, இந்த மாதிரி எலும்பு அரிச்சிருந்தா முதல்ல டிபின்னுதான் நினைக்கணும். சோதனையில கிருமி வரலைங்கறதால இல்லைன்னு சொல்ல முடியாது. வலது கால்ல மதமதப்பு வேற ஆரம்பிச்சிருக்கு. ரொம்ப நாள் காத்திருந்தா நரம்பு பாதிக்கும். திங்கட்கிழமை டிபி மருந்து ஆரம்பிச்சிடலாம். குறைஞ்சது ஒரு வருஷம்."

"டிபி இல்லைன்னா என்னாகும் சார்?" என்று கேட்டேன்.

அவர் மழுப்பவில்லை. "அதுதான் சிக்கல். அந்த மருந்துல ஒண்ணு வேற சில கிருமியையும் பாதி அடக்கும். காய்ச்சல் குறையும், நாம சரியாகுதுன்னு நினைச்சிட்டிருப்போம். உள்ள அரிக்கறது அரிச்சிட்டே இருக்கும்."

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மரவள்ளியும் மஞ்சளும் போடுகிற விவசாயி, டாக்டர் முன்னால் அதிகம் பேசமாட்டார். அம்மாவுக்கு டிபி என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. "வெளிய ஆருகிட்டயும் சொல்லாதீங்க" என்று அப்பாவிடம் இரண்டு முறை சொன்னாள்.

ஆக, என்னிடம் நான்கு நாள் இருந்தன. படுத்தால் வலி, உட்கார்ந்தால் அதைவிட வலி. இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். வார்டு வாசலிலிருந்து மாடிப்படி வரை எண்பத்தாறு அடி. வழியில் டூட்டி ரூம். அதன் கதவு விட்டால் தானாக மூடிக்கொள்ளும். ஒரு தடித்த மருத்துவப் புத்தகத்தை அண்டைக் கொடுத்துத் திறந்தே வைத்திருப்பார்கள். யாருக்காவது சந்தேகம் வந்தால் குனிந்து புத்தகத்தை எடுப்பார்கள், கதவு மெல்ல மூடிக்கொள்ளும், பார்த்து முடித்ததும் திரும்பத் திறக்கும். கதவு மூடியிருந்தால் உள்ளே யாரோ படிக்கிறார்கள் என்று அர்த்தம்.

நடந்து நடந்து, டாக்டர்கள் பதில் தேடும் இடங்களை மனத்தில் குறித்துக்கொண்டேன். முதலில் போன்: "சார், தொந்தரவுக்கு சாரி, ஒரு டவுட்." அடுத்தது வாட்ஸ்அப் குழு, அதில் ஸ்கேன் படத்தைப் போட்டால் பத்து நிமிடத்தில் ஆறு பேர் ஆறு நோய் சொல்வார்கள். அப்புறம் கட்டணம் கட்டிப் பார்க்கும் ஒரு மருத்துவ ஆப். அந்த ஆப்புக்கு ஒரே ஒரு கணக்கு, அதன் கடவுச்சொல் பதினோரு பேரிடம். ஒருவர் உள்ளே நுழைந்தால் இன்னொருவர் வெளியே தள்ளப்படுவார்.

"எவன்டா உள்ள வந்தது? நான் பாதி படிச்சிட்டிருக்கேன், வெளிய போ!" என்று ஒரு பெண் குரல் போனில் கத்தியதைக் கேட்டுத்தான் டாக்டர் ஹர்ஷினியை நான் கவனித்தேன். முதலாமாண்டு மேற்படிப்பு மாணவி, ஆத்தூர்ப் பக்கம். என் வயதுதான். வெள்ளைக் கோட்டுப் பையில் உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று இருக்கும்.

அந்த நோட்டுக்குக் காரணம் சீஃப். ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கேள்வி கொடுப்பார். மறுநாள் காலை, "என்ன பதில்?" என்று கேட்கமாட்டார். "எங்க பார்த்த?" என்றுதான் கேட்பார். பார்த்த இடத்தைச் சொன்ன பிறகுதான் பதிலைச் சொல்லலாம். வாட்ஸ்அப் என்று ஒருவன் சொல்லிவிட்டு அன்று முழுக்க வாங்கிக்கட்டிக்கொண்டான். வெள்ளிக்கிழமை ஹர்ஷினிக்குக் கிடைத்த கேள்வி நான்தான். "பதினாலாம் கட்டில். இந்த ஊர்ல, முதுகெலும்பு டிபி மாதிரியே வேஷம் போடற வேற நோய் என்ன? திங்கட்கிழமை மருந்து ஆரம்பிக்கறதுக்குள்ள சொல்லு."

சனிக்கிழமை மதியம், பார்வையாளர் நேரத்தில் ஹர்ஷினி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டு கேட்காமல் உட்கார்ந்த முதல் டாக்டர் அவர்தான். அப்பா அப்போதுதான் தூக்குப்போசியில் ரசம் சாதம் கொண்டுவந்திருந்தார். நான் பழக்கதோஷத்தில் தாளை நீட்டினேன்.

"அதை மடிச்சு வெச்சிருங்க, சௌமியா. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு" என்றார். "காய்ச்சலுக்கு முந்தின மூணு மாசத்தைச் சொல்லுங்க. வாரம் வாரமா. எது முக்கியம்னு நீங்க முடிவு பண்ணாதீங்க, நடந்ததை மட்டும் சொல்லுங்க."

என் வாக்கியத்தை என்னிடமே யாரோ சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்பவருக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சொன்னேன். மாசி முழுக்க வேலை. பங்குனியில் அலுவலகத்தில் தணிக்கை. சித்திரையில் நாலு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன்.

"ஊர்ல என்ன பண்ணீங்க?"

"சும்மாதான் இருந்தேன்."

"சும்மான்னா? காலையில எழுந்தீங்க. அப்புறம்?"

என் கண் அப்பாவிடம் போனது. அவர் தூக்குப்போசி மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தாளில் "கால்நடை: இல்லை" என்று நான் எழுதியது பொய் அல்ல. எழுதிய நாளில் எங்கள் தொழுவம் காலி. நடந்ததை மறந்துவிட்டேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுக்க மறதி இல்லை. அந்த வரியைத் தட்டச்சு செய்யும்போது விரல் ஒரு கணம் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா என்னிடம், "ஆருகிட்டயும் சொல்லாத சாமி" என்று கேட்டுக்கொண்ட விஷயம் அது. என் உடம்புக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை. வீட்டு விஷயம், காய்ச்சல் அட்டவணையில் அதற்கு இடம் இல்லை என்று நினைத்தேன்.

"எருமை கன்னு வீசிருச்சு" என்றேன்.

"அப்படின்னா?"

பதிலை மல்லிகாக்கா சொன்னார். "மாசம் ஆகறதுக்கு முன்னாலயே கன்னு செத்து உளுந்துருமுங்க டாக்டரு. எத்தன மாசம் கண்ணு?"

"ஏழு மாசம். நஞ்சுக்கொடி விழல. கால்நடை டாக்டர் வேற ஊருக்குப் போயிருந்தார். அப்பா வாலைப் பிடிச்சுக்கிட்டார். என் கை சின்னதா இருக்கறதால நான்தான் உள்ள விட்டு எடுத்தேன்."

"கையுறை?"

"இல்லை."

"கையில காயம் ஏதாவது?"

அதையும் அப்போதுதான் யோசித்தேன். லீவுக்கு முந்தின நாள் கம்ப்ரசர் கேஸ்கட் தகடு கீறி, வலது ஆள்காட்டி விரலில் ஒட்டுப் பிளாஸ்திரி போட்டிருந்தேன். ஊருக்குப் போனபோது அது ஆறவில்லை.

ஹர்ஷினி எழுதுவதை நிறுத்தினார். "கால்நடை இல்லைன்னு போட்டிருக்கீங்களே?"

"இப்ப இல்லைங்க" என்றார் அப்பா. அந்த வார்டில் டாக்டரிடம் அவர் தானாகப் பேசிய முதல் வார்த்தை. "வித்துப்போட்டமுங்க." தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, நான் சாப்பிடாததையும் மறந்து, வெளியே போய்விட்டார்.

ஹர்ஷினி அங்கேயே நின்று போன் செய்தார். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்கும் அவருடைய பள்ளித் தோழி. ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

"ஏய், எருமை ஏழு மாசத்துல கன்னு போட்டுட்டா நீங்க முதல்ல என்ன நினைப்பீங்க?"

"இதெல்லாம் ஒரு கேள்வியாடி? கன்று வீச்சு நோய். புருசெல்லா. தூங்கி எழுந்த உடனே கேட்டாக்கூடச் சொல்லுவேன். யாராவது கைய விட்டாங்களா?"

"விட்டுட்டாங்க."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "கையுறை போட்டிருந்தாங்களா?"

அடுத்து நடந்தவற்றைப் பிறகுதான் எனக்கு விளக்கினார்கள். புருசெல்லோசிஸ் என்பது ஆடு மாடுகளுக்கு வரும் ஒரு பாக்டீரியா நோய். சினை கலைந்த விலங்கின் நஞ்சுக்கொடியிலும், காய்ச்சாத பாலிலும் இருக்கும். மனிதருக்கு வந்தால் ஏறி இறங்கும் காய்ச்சல், வேர்வை, மூட்டு வலி, சிலருக்கு முதுகெலும்புப் புண். மனிதரிடமிருந்து மனிதருக்கு அநேகமாகப் பரவாது. கிருமி மெல்லத்தான் வளரும் என்பதால், சேர்ந்த அன்று எடுத்த என் ரத்தப் புட்டியை இன்னும் சில நாள் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கே தொற்றும் கிருமி என்பதால் அவர்களை எச்சரிக்கவும் வேண்டும். புட்டியில் எதுவும் வளரவில்லை என்று அன்று சாயங்காலம் கழித்துப்போட இருந்தார்கள். ஹர்ஷினி படியிறங்கி ஓடினார். அவர் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் டூட்டி ரூம் கதவு மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை ரத்தம் எடுத்தார்கள். அதை நீர்க்க வைத்துக்கொண்டே போய், எந்த அளவு நீர்த்த பிறகும் கிருமியைக் கண்டதும் திரள்கிறது என்று பார்க்கும் சோதனை. உடம்பு அந்தக் கிருமியோடு எவ்வளவு சண்டை போட்டிருக்கிறது என்பதை அது காட்டும். பதில் திங்கட்கிழமைதான் வரும். திங்கட்கிழமைதான் டிபி மருந்தும். எது முந்தும் என்று தெரியாமல் எண்பத்தாறு அடியை எத்தனை முறை நடந்தேன் என்று கணக்கில்லை. எண்ணுவதை விட்டுவிட்டேன். எனக்கு அது புதிது.

ஹர்ஷினி ஒரு முறை கூடவே நடந்துவந்தார்.

"புத்தகத்துல இந்த நோய்க்கு மூணு வரி. ஆப்புல ஒரு பக்கம். ரெண்டுலயும் முதல் கேள்வி, விலங்குத் தொடர்பு உண்டா. உங்க கேஸ் ஷீட்ல இல்லைன்னு ஏழு பேர் எழுதியிருந்தாங்க. ஏழு பேர் கேட்டு இல்லைன்னா, அந்த நோயை விட்டுற வேண்டியதுதான். விட்டுட்டேன் நானும். அப்புறம் பார்த்தா, ஏழு பேரும் பயணம், செல்லப்பிராணி, கால்நடை, குடிநீர்னு அதே வரிசையில எழுதியிருக்காங்க. ஏழு பேர் தனித்தனியாக் கேட்டா வரிசை எப்படி ஒண்ணா இருக்கும்?"

"நான் எழுதின வரிசை."

"ஆமா. ஏழு பதில் இல்ல, ஒரே பதில். ஏழு நகல்."

அப்பா அன்றைக்கு வார்டுக்குள் வரவில்லை. கீழே புங்கமரத்தடியில் உட்கார்ந்திருப்பதாக அம்மா சொன்னாள். "என்னமோ திருடினவனாட்டம் உக்காந்திருக்கறாரு" என்றாள். அவளுக்கு விற்ற விவரம் முழுதாகத் தெரியாது. கன்று வீசிய எருமை என்று சொன்னால் யாரும் வாங்கமாட்டார்கள். ராசிபுரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று பார்க்க வந்தபோது அப்பா அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பால் குறைந்திருந்ததற்கு வேறு காரணம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ரவுண்ட்ஸ். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர். டிபி மாத்திரை அட்டையோடு நர்ஸ் தயாராக நின்றார்.

"ஹர்ஷினி, எங்க பார்த்த?" என்றார் சீஃப்.

"பேஷண்ட்கிட்ட கேட்டேன் சார்."

யாரோ ஒருவர் சிரித்தார். சீஃப் சிரிக்கவில்லை. "என்ன கேட்ட?"

அவர் சொல்லச் சொல்ல, சீஃப் என் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தழும்பு இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. இருந்தது. நர்ஸிடம், "அதை நிறுத்தி வைங்க, மத்தியானம் வரைக்கும்" என்றார். பிறகு என்னிடம், "உங்க தாள் ரொம்ப நல்ல தாள். அதான் எங்களுக்கு வினையாப்போச்சு. தப்பு உங்களோடது மட்டும் இல்ல. கேட்க வேண்டியது நாங்க" என்றார்.

மதியம் இரண்டு மணிக்கு முடிவு வந்தது. பல மடங்கு நீர்த்த பிறகும் திரண்டிருந்தது. நான்கு நாள் கழித்து, ஹர்ஷினி காப்பாற்றிய ரத்தப் புட்டியிலும் கிருமி வளர்ந்தது. ஒரு வருட மருந்துக்குப் பதில் மூன்று மாத மருந்து, முதல் வாரம் ஊசி. ஐந்தாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்குத் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, பழுதோ என்று உதறி, மல்லிகாக்காவின் வாயில் வைத்துச் சோதித்தேன். "எனக்கு காச்சலே இல்ல கண்ணு, என்னைய எதுக்கு இதுல இழுக்கற" என்றார். அவருக்கும் தொண்ணூற்றெட்டு, எனக்கும் தொண்ணூற்றெட்டு.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ரத்தம் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஆனால் முடிவு வந்த அன்றே ஹர்ஷினி இன்னொரு கேள்வியோடு வந்தார். நோட்டில் எழுதியே வைத்திருந்தார்.

"அந்த எருமை இப்ப யார் வீட்ல இருக்கு?"

அப்பா வார்டு வாசலில் நின்றார். உள்ளே வருவதா வேண்டாமா என்ற நிலையில், ஒரு கால் உள்ளே.

"ராசிபுரம் பக்கமுங்க."

"அந்த வீட்ல கர்ப்பமா யாராவது இருக்காங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். எருமை பார்க்க வந்தபோது அவர்களுடைய மருமகளுக்கு மூன்று மாதம் என்று, பால் வேண்டும் என்றுதான் வாங்குவதாக அவர்களே சொல்லியிருந்தார்கள்.

"இருக்கறாங்க" என்றார்.

"அப்ப இன்னிக்கே சொல்லணும். நாங்க சொல்ல ஏற்பாடு பண்ணலாம். ஆனா நீங்க சொன்னா இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அதில் அதட்டல் எதுவும் இல்லை. அதுவே அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

அந்த வீட்டில் யாருக்கும் நோய் வரவில்லை, எருமைக்கு இருந்தது என்று இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. மற்றதெல்லாம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ளது, இங்கே வேண்டாம். அன்றைக்கு எங்களுக்கு அது எதுவும் தெரியாது.

அப்பா என்னிடம் வந்து, "என்ன சொல்லோணும்னு எழுதிக் குடு சாமி, எனக்கு வாய் வராது" என்றார். ஒரு தாளில் ஐந்து வரி எழுதினேன். பாலை நன்றாகக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. கன்று ஈனும்போது வெறும் கையால் தொடக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் எருமைக்குச் சோதனை. வீட்டில் எல்லோருக்கும் ரத்தச் சோதனை. மருமகளை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மாடிப்படி ஓரத்தில், அந்த எண்பத்தாறாவது அடியில் நின்று போன் போட்டார். நான் இடுப்புப் பட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றேன். தாளைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டார்.

"செல்லமுத்துங்களா? நாமகிரிப்பேட்டையிலிருந்து பேசறனுங்க. எரும குடுத்தவனுங்க. நல்லா இருக்கறீங்ளா? ஆமாங்க, பொண்ணு ஆஸ்பத்திரியிலதானுங்க… தேவலைங்க. ஒரு சமாச்சாரமுங்க. பால நல்லாக் காச்சாம குடிக்க வேண்டாமுங்க. அப்பறம், கன்னு போடறப்ப வெறுங்கையில…"

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். ஏன் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். அப்பா தாளில் மூன்றாவது வரியைத் தேடினார். நான்காவதைத் தேடினார். அந்தக் கேள்விக்கு நான் எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இருங்க, மொதல்ல இருந்து சொல்றனுங்க" என்றார். "சித்திரையில ஒரு நாளு, வெடியால நான் தொழுவத்துக்குப் போனனுங்க…"